ஆளுக்கொரு ஊரில் இருந்துகொண்டு கிட்டார் பழகுவது எப்படி

வாங்கி ஆறு மாதத்தில் கிட்டார் பீரோவுக்கு மேலே ஏறிவிடுவது நிறைய வீடுகளில் நடக்கிறது. என்னுடையதும் இரண்டு வருடம் அங்கேதான் கிடந்தது. யூடியூபில் பாடத்துக்குப் பஞ்சமே இல்லை, பார்க்கப் பார்க்க எல்லாம் புரிந்த மாதிரியும் இருக்கும், ஆனால் நாம் வாசிப்பதைக் கேட்டு “தம்பி, அந்த இடத்துல ஒரு கம்பி பேசலையே” என்று சொல்ல ஆள் இருக்காது. அப்படிச் சொல்ல ஆள் கிடைத்த பிறகுதான் நான் உண்மையில் வாசிக்க ஆரம்பித்தேன். மொத்தம் ஆறு பேர் கிடைத்தார்கள்: கோவையில் ஒரு அக்கா, யாழ்ப்பாணத்தில் ஒரு அண்ணா, சென்னையில் இருவர், துபாயிலும் டொரன்டோவிலும் ஒவ்வொருவர். நான் நாகர்கோவில். டெலிகிராமில் ஒரு சின்னக் குழு. மூன்று வருடமாக ஓடுகிறது. அதில் எங்களுக்குக் கைகொடுத்த முறையை அப்படியே எழுதுகிறேன், நீங்களும் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு செய்து பாருங்கள்.

முதலில் ஆள் கணக்கு. ஐந்திலிருந்து எட்டுப் பேர் போதும். அதற்கு மேலே போனால் எல்லோருடைய பதிவையும் எல்லோரும் கேட்க மாட்டார்கள், நாளாக ஆக நாலு பேர் அனுப்புவதும் மீதிப் பேர் கட்டைவிரல் போடுவதுமாக மாறிவிடும். ஒருவராவது சில வருடம் வாசித்தவராக இருக்கட்டும். விதி ஒன்றே ஒன்றுதான்: ஞாயிறு இரவுக்குள் ஒவ்வொருவரும் ஒரு நிமிடத்துக்கு மிகாத ஒரு பதிவு அனுப்ப வேண்டும். பிழையோடு இருந்தாலும் அனுப்ப வேண்டும். “இன்னும் ரெடி ஆகலை, அடுத்த வாரம்” என்பதை மட்டும் அனுமதிக்காதீர்கள், ஏனென்றால் ரெடி ஆகாத வாசிப்பில்தான் மற்றவர்கள் உதவ முடியும்.

கிட்டார் விஷயத்தில் ஒன்றை மட்டும் ஆரம்பத்திலேயே பார்த்துவிடுங்கள். கழுத்தின் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கோடுகளுக்கு ஃபிரெட் என்று பெயர்; 12ஆவது ஃபிரெட்டுக்கு மேலே கம்பி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று பள்ளிக்கூட ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். ஸ்டீல் கம்பி போட்ட அக்கூஸ்டிக் கிட்டாரில் தடித்த கம்பிக்கு இரண்டரை மில்லிமீட்டர், மெல்லிய கம்பிக்கு இரண்டு, அதையொட்டி இருந்தால் நல்லது. எனக்கு விற்ற கடையில் கிட்டத்தட்ட ஐந்து மில்லிமீட்டர் உயரத்தில் கொடுத்திருந்தார்கள், எனக்கு அப்போது தெரியாது, என் விரலுக்குத்தான் வலு இல்லை என்று நினைத்து அழுத்தி அழுத்தி வலியில் விட்டுவிட்டேன். குழுவில் ஒரு படம் போட்டதும் யாழ்ப்பாணத்து அண்ணா கண்டுபிடித்துவிட்டார். கிட்டார் சரிசெய்பவரிடம் கொண்டுபோனேன், கழுத்தைப் பார்த்துவிட்டு, கம்பிகள் உடம்போடு சேரும் பிரிட்ஜில் இருக்கும் அந்த வெள்ளைத் துண்டை, அதுதான் சேடில், தேய்த்து இறக்கிக் கொடுத்தார். அன்று மாலையே சி கார்டு (சில ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிக்க விரல் வைக்கும் ஒரு பிடி) பிடிக்க முடிந்தது.

அடுத்து, எல்லோரும் ஒரே மொழி பேச வேண்டும். மெல்லிய கம்பி 1, தடித்தது 6. “மேல் கம்பி, கீழ் கம்பி” என்று பேசவே பேசாதீர்கள், மடியில் வைத்துப் பார்த்தால் தடித்த கம்பிதான் மேலே இருக்கிறது, ஸ்வரத்தைப் பார்த்தால் மெல்லியதுதான் மேலே, இதில் நாங்கள் ஒரு மாதம் குழம்பினோம். எண்ணைச் சொல்லுங்கள். 6இலிருந்து 1 வரை கம்பிகளின் ஸ்வரங்கள் ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ. கம்பியின் சுருதி சரியா என்று காட்டும் ட்யூனர் ஆப்பின் செட்டிங்கில் ஏ ஸ்வரம் 440 ஹெர்ட்ஸ் என்று இருக்கிறதா என்று எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள். எங்களில் ஒருவருடைய ஆப் 432இல் இருந்தது. தனியாகக் கேட்டால் அழகாகத்தான் இருந்தது, எங்கள் வாசிப்போடு சேர்த்து ஓட்டியபோது பல் கூசியது; அரை ஸ்வரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இறங்கியிருந்தது. அப்புறம், ட்யூன் செய்யும்போது ஸ்வரத்தைத் தாண்டிவிட்டால் கொஞ்சம் கீழே இறக்கிவிட்டு மறுபடி மேலே ஏற்றி நிறுத்துங்கள். இறக்கி நிறுத்திய கம்பி வாசிக்க வாசிக்க இன்னும் இறங்கும்.

பதிவு செய்வது

போன் போதும். ஆனால் வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்டாக அனுப்பாதீர்கள். அது பேச்சுக்காகச் சுருக்கப்பட்டது, கம்பியின் நாதம் தேய்ந்து மறைகிற அந்தக் கடைசிப் பகுதி அதில் பாழாகிவிடும், குறையைக் கண்டுபிடிக்கத் தேவையானதே அங்கேதான் இருக்கும். போனில் இருக்கும் ரெக்கார்டரில் பதிந்து ஃபைலாக அனுப்புங்கள். வீடியோ காலில் வாசித்துக் காட்டுவதாக இருந்தாலும் இதே சிக்கல் உண்டு, பின்னணி இரைச்சலை நீக்குகிறேன் என்று நீண்டு ஒலிக்கும் கம்பியையும் சேர்த்து நீக்கிவிடும். ஜூமில் ‘ஒரிஜினல் சவுண்ட்’ என்று ஒரு செட்டிங் இருக்கிறது, அதை ஆன் செய்யுங்கள்.

போனை கிட்டாரின் ஓட்டைக்கு நேராக வைத்தால் கும்மென்று அடைத்துக்கொள்ளும். கழுத்தும் உடம்பும் சேருகிற இடத்துக்கு, 12ஆவது ஃபிரெட் பக்கமாக, ஒரு அடி தள்ளி வையுங்கள். மின்விசிறியை அந்த ஒரு நிமிடம் நிறுத்திவிடுங்கள். முகம் காட்டத் தயக்கம் இருந்தால் கையை மட்டும் எடுங்கள். கோவை அக்காவின் முகத்தை நாங்கள் ஒன்றரை வருடம் பார்த்ததில்லை, ஆனால் அவருடைய இடதுகை மோதிர விரல் எப்படி வளையும் என்று ஏழு பேருக்கும் தெரியும்.

கேட்பது, சொல்வது

இந்த முறையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. பதிவு அனுப்பும்போது கூடவே ஒரு கேள்வி கேளுங்கள். “எப்படி இருக்கு?” என்றால் “சூப்பர்” என்றுதான் பதில் வரும். “சியிலிருந்து ஜிக்குப் போகும்போது தாளம் நிற்கிறதா?” என்று கேட்டால் எல்லோரும் அந்த இடத்தைக் காது கொடுத்துக் கேட்பார்கள். பதில் சொல்பவர் எத்தனையாவது நொடி என்று குறிப்பிட்டு, ஒரே ஒரு திருத்தம் மட்டும் சொல்ல வேண்டும். பத்துக் குறை தெரிந்தாலும் ஒன்றுதான். பத்தையும் சொன்னால் அவர் அடுத்த வாரம் அனுப்ப மாட்டார், அவ்வளவுதான் நடக்கும்.

ஒரு உதாரணம். சென்னைத் தம்பி சி, ஏ மைனர் இரண்டையும் மாற்றி மாற்றி வாசித்து அனுப்பினார். கேட்க நன்றாகத்தான் இருந்தது, ஆனால் சி மட்டும் ஏனோ வற்றிப்போய் ஒலித்தது. துபாய்க்காரர் எழுதினார்: “0:14, சியில் 3ஆவது கம்பி கேட்கவில்லை. கார்டைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கம்பியாகத் தட்டிப் பாருங்கள்.” தட்டிப் பார்த்தால் 3ஆவது கம்பி ‘டொக்’ என்றது. 4ஆவது கம்பியில் இருந்த நடுவிரல் சாய்ந்து பக்கத்துக் கம்பியில் உரசிக்கொண்டிருந்தது. ஏன் சாய்ந்தது? கட்டைவிரல் கழுத்துக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்ததால் மற்ற விரல்கள் தட்டையாகப் படுத்துவிட்டன. கட்டைவிரலைக் கழுத்தின் பின்பக்க நடுவுக்கு இறக்கியதும் விரல்கள் தானாக வளைந்து நுனியில் நின்றன, மூன்றாவது கம்பி பேசியது. அவர் நாலு மாதமாக அந்த கார்டை அப்படித்தான் பிடித்துக்கொண்டிருந்தார், தனியாக இருந்தவரை அது அவர் காதில் விழவே இல்லை.

குழுவில் அதிகம் தெரிந்தவருக்கு ஒரு பொறுப்பு உண்டு. அவரும் தடுமாறும் இடத்தை அனுப்ப வேண்டும். யாழ்ப்பாணத்து அண்ணா பத்து வருடமாக வாசிப்பவர், அவர் ஒரு வாரம், ஆள்காட்டி விரலால் எல்லாக் கம்பியையும் சேர்த்து அழுத்தும் எஃப் பாரே கார்டு நழுவிய பதிவை அப்படியே போட்டு “எனக்கு இது இன்னும் வருதில்லை, ஏதாவது சொல்லுங்கோ” என்றார். அதற்குப் பிறகுதான் மற்றவர்களுக்கு அனுப்பும் பயம் போனது.

என்ன பழகுவது

ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம் இரண்டு முறை, ஒரேயடியாக ஒரு மணி நேரம் வேண்டாம். விரல் நுனி முதல் இரண்டு மூன்று வாரம் வலிக்கும், பிறகு தோல் தடித்துவிடும். ஃபிரெட் கம்பியின் மேலேயே அழுத்தாமல் அதற்குச் சற்று முன்னால், ஒட்டினாற்போல அழுத்தினால் பாதி பலம் போதும்.

முதல் மாதத்துக்கு ஈ மைனர், ஏ மைனர், சி, ஜி, டி, ஈ மேஜர். கார்டுகளைத் தனித்தனியாக மனப்பாடம் செய்யாமல் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வழியைப் பாருங்கள். சியிலிருந்து ஏ மைனருக்குப் போக மோதிர விரல் மட்டும் நகர்ந்தால் போதும், 5ஆவது கம்பி 3ஆவது ஃபிரெட்டிலிருந்து 3ஆவது கம்பி 2ஆவது ஃபிரெட்டுக்கு; மற்ற இரண்டு விரலும் இருந்த இடத்திலேயே இருக்கலாம். ஏ மைனரை அதே உருவத்தில் தடித்த கம்பிப் பக்கமாக ஒரு கம்பி தள்ளினால் ஈ மேஜர். இதைக் கண்டு நான் பட்ட சந்தோஷம் இன்னும் ஞாபகம் இருக்கிறது.

மாற்றம் வேகமாக வர, ஒரு நிமிடம் டைமர் வைத்து இரண்டு கார்டுக்கு இடையே எத்தனை முறை மாறுகிறீர்கள் என்று எண்ணுங்கள். இணையத்தில் இலவசமாகப் பாடம் சொல்லித்தரும் ஜஸ்டின் சாண்டர்கோ என்ற ஆஸ்திரேலிய ஆசிரியர் பிரபலமாக்கிய பயிற்சி இது. முதல் நாள் பன்னிரண்டு வந்தாலும் பரவாயில்லை, அறுபதை நோக்கிப் போங்கள். எண்ணிக்கையைக் குழுவில் எழுதுங்கள், ஆனால் மற்றவருடையதோடு ஒப்பிடாமல் உங்களுடைய போன வார எண்ணோடு.

பாடுபவர்கள் கேப்போ ஒன்று, அதாவது ஒரு ஃபிரெட்டில் எல்லாக் கம்பியையும் சேர்த்து அழுத்திப் பிடிக்கும் கிளிப், வாங்கிவிடுங்கள். நம் ஊரில் சுருதியைக் கட்டையில் சொல்கிறோம் இல்லையா, 1 கட்டை சி, 2 டி, 3 ஈ, 4 எஃப், 5 ஜி, 6 ஏ, 7 பி. நடுவில் வரும் அரைக் கட்டைகள் ஷார்ப். கேப்போ ஒரு ஃபிரெட் ஏறினால் அரை ஸ்வரம் ஏறும். ஆக, கோவை அக்கா 6 கட்டையில் பாடுகிறார் என்றால் 2ஆவது ஃபிரெட்டில் கேப்போ போட்டு ஜி உருவங்களையே வாசிக்கலாம். ஒன்றரைக் கட்டைக்கு 1ஆவது ஃபிரெட்டில் கேப்போ, சி உருவங்கள். 4 கட்டைக்கு எஃப் பாரே கார்டோடு மல்லுக்கட்ட வேண்டாம், 3ஆவது ஃபிரெட்டில் போட்டு டி உருவங்கள். கர்நாடக சங்கீதம் கொஞ்சம் தெரிந்தவர்களுக்கு இன்னொரு குறுக்குவழி: மேஜர் ஸ்கேல் சங்கராபரணம், நேச்சுரல் மைனர் நடபைரவி, ஹார்மோனிக் மைனர் கீரவாணி. சரளி வரிசையைக் கம்பியில் தேடிப் பிடித்தாலே ஸ்கேல் பயிற்சி ஆகிவிடும்.

சேர்ந்து வாசிப்பது

எல்லோருக்கும் வரும் ஆசை இது, வீடியோ காலில் ஒரே நேரத்தில் வாசிக்கலாமே என்று. நடக்காது, முயன்று மனம் நோக வேண்டாம். ஒலி காற்றில் ஒரு மீட்டர் போக ஏறக்குறைய 3 மில்லிநொடி ஆகும். 30 மில்லிநொடியைத் தாண்டினால், அதாவது பத்து மீட்டர் தள்ளி நின்று வாசிப்பது போல ஆனால், தாளம் இழுபட ஆரம்பிக்கும். வீடியோ காலில் 150 மில்லிநொடி தாமதம் சாதாரணமாக வரும். தவில்காரர் கோயில் வாசலிலும் நாகஸ்வரக்காரர் ஐம்பது மீட்டர் தள்ளித் தெருமுனையிலும் நின்று சேர்ந்து வாசிப்பது மாதிரி அது. ஜாமுலஸ் என்று இலவச மென்பொருள் ஒன்று தாமதத்தை நன்றாகக் குறைக்கும், ஆனால் இருவரும் அதிகத் தூரத்தில் இல்லாமல், வைஃபையை விட்டுவிட்டு கேபிள் இணைப்பில் இருக்க வேண்டும். யாழ்ப்பாணத்துக்கும் டொரன்டோவுக்கும் அது உதவாது.

அதனால் அடுக்கடுக்காகப் பதியுங்கள். தாளத்தில் நன்றாக நிற்கும் ஒருவர் சீராகத் தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 80 அடியில் வைத்து ஹெட்போனில் கேட்டுக்கொண்டே, “ஒன்று, இரண்டு, மூன்று, நாலு” என்று எண்ணி, நாலில் பலமாக ஒரு கைதட்டல் போட்டுவிட்டு ஸ்ட்ரம்மிங் வாசித்து அனுப்பட்டும். அடுத்தவர் அதை ஹெட்போனில் கேட்டபடி, அந்தக் கைதட்டல் வரும்போது தானும் தட்டிவிட்டுத் தன் பகுதியை வாசிப்பார். ப்ளூடூத் ஹெட்போன் வேண்டாம், அதிலேயே தாமதம் இருக்கிறது, ஒயர் உள்ளதுதான் சரி. எல்லாம் வந்ததும் ஒருவர் அடாசிட்டி என்ற ஒலி எடிட்டிங் மென்பொருளில் போட்டு, கைதட்டல் அலைகளின் உச்சியை ஒன்றின் கீழ் ஒன்றாக நிறுத்தினால் போதும். முதல் முறை அப்படிச் சேர்த்து ஓட்டியபோது, ஒருவரை ஒருவர் நேரில் பார்க்காத ஏழு பேரின் கை ஒரே அடியில் விழுந்தது. டொரன்டோக்காரர் அதை அன்று இரவு முழுக்கத் திரும்பத் திரும்பக் கேட்டதாகச் சொன்னார்.

கடலோர ஊர்க்காரர்களுக்கு மட்டும் ஒன்று: உப்புக்காற்றிலும் வியர்வையிலும் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். வாசித்து முடித்ததும் ஒரு பருத்தித் துணியால் ஒவ்வொரு கம்பியாகத் துடையுங்கள். கை வைத்தால் சொரசொரப்பாக இருந்தால் மாற்றிவிடுங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் கிட்டாரை ஒருபோதும் விட்டுவிட்டுப் போகாதீர்கள், ஒட்டிய பசை இளகிவிடும்.

இடையில் சிலர் காணாமல் போவார்கள். வேலை, பரீட்சை, வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை. அவர்களை விசாரிக்கலாம், ஆனால் பதிவு எங்கே என்று கேட்காதீர்கள். திரும்பி வரும்போது காரணம் சொல்ல வைக்கவும் வேண்டாம். எங்கள் கோவை அக்கா நாலு மாதம் வரவில்லை. ஒரு ஞாயிறு இரவு பதினொரு மணிக்கு ஒரு பதிவு வந்தது, இருபது நொடிதான், கார்டு எதுவும் இல்லை, ஆறு கம்பியையும் 6இலிருந்து 1 வரை ஒவ்வொன்றாக மீட்டியிருந்தார். இரண்டு நிமிடத்தில் துபாயிலிருந்து பதில் போனது: “0:09, 3ஆவது கம்பி கொஞ்சம் இறங்கியிருக்கு அக்கா.”