மூக்கு உடைந்தால் 14 நாள் கணக்கு: லண்டனுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

குளிருக்கு ஜாக்கெட் வாங்கச் சொல்லாத ஆள் கிடையாது. ஷூவைப் பற்றித்தான் யாரும் சொல்லவில்லை. டிசம்பர் காலையில் ரோட்டோடு ரோடாய்க் கண்ணுக்கே தெரியாமல் உறைந்திருந்த பனியில் பஸ் பிடிக்க ஓடினேன். மூக்கு நேராக நடைபாதைக் கல்லில்.

ரத்தம் வந்தால் அண்ணாந்து படுக்காதீர்கள். தொண்டைக்குள் இறங்கிக் குமட்டும். உட்கார்ந்து முன்னால் குனிந்து, மூக்கின் கீழ்ப்பாதியை 10, 15 நிமிடம் விடாமல் பிடியுங்கள். மூக்குத்தி போட்டிருந்தால் வீங்குவதற்குள் கழற்றிவிட வேண்டும். அப்புறம் திருகாணி பிடிபடாது.

ரத்தம் நிற்கவில்லை, தண்ணீர் மாதிரி தெளிவாக வடிகிறது, வாந்தி, பார்வைக் கோளாறு என்றால் நேரே ஏ அண்ட் ஈ, அதாவது ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவு. மூக்குக்குள் நடுச்சுவரில் நாவல்பழம் போல வீங்கி அடைத்தாலும் அப்படியே; அது ரத்தக்கட்டு, உடனே எடுக்காவிட்டால் குருத்தெலும்பு கெட்டு மூக்கு அமுங்கிவிடும். மற்றதற்கு 111 என்ற மருத்துவ உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள். இரவு பகல் எப்போதும் எடுப்பார்கள், இலவசம். 'தமிழ் இன்டர்ப்ரட்டர் ப்ளீஸ்' என்றால் மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள்.

ஏ அண்ட் ஈயில் ஐந்து மணி நேரம் காத்திருந்த என்னை, டார்ச் அடித்துப் பார்த்து, பாராசிட்டமால் போடச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். எக்ஸ்ரேகூட இல்லை. ஊரில் என்றால் ஸ்கேன் வரைக்கும் போயிருப்பார்களே என்று கொதித்தேன். மூக்கு எலும்புக்கு எக்ஸ்ரே பெரும்பாலும் தேவையில்லை, வீக்கம் வடிந்தால்தான் கோணல் தெரியும் என்பது பிறகு புரிந்தது. அதனால்தான் ஐந்து முதல் ஏழு நாளில் இ.என்.டி. கிளினிக்குக்கு வரச் சொல்கிறார்கள். கோணியிருந்தால் மரத்துப்போக ஊசி போட்டோ மயக்கம் கொடுத்தோ தள்ளி நிமிர்த்துவார்கள். அதை ஏறக்குறைய 14 நாளுக்குள் செய்தாக வேண்டும். எலும்பு கூடிவிட்டால் பல மாதம் கழித்து ஆபரேஷன்தான்.

கிளினிக்குக்கு எப்போது வர வேண்டும் என்று எனக்கு வர வேண்டிய கடிதம் வரவே இல்லை. எட்டாம் நாள் நானே போன் செய்து சண்டை பிடித்துப் பன்னிரண்டாம் நாள் இடம் வாங்கினேன். கடிதத்துக்காகக் காத்திருக்காதீர்கள். போகும்போது பழைய போட்டோ கொண்டுபோங்கள். 'முன்பே இப்படித்தானா?' என்பதுதான் டாக்டரின் முதல் கேள்வி.

விசாவோடு ஹெல்த் சர்சார்ஜ் (அரசு மருத்துவத்துக்கான கட்டணம்) கட்டியிருந்தால் இதற்கெல்லாம் பில் கிடையாது. விசிட்டர் விசாவில் வந்த அம்மா அப்பாவுக்கு ஏ அண்ட் ஈ இலவசம். கிளினிக்கு, அட்மிஷன் என்றால் கட்டணம் உண்டு. இன்ஷூரன்ஸ் இல்லாமல் டிக்கெட் போடாதீர்கள்.