சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டாரா? கடைக்காரர்களுக்குச் சில விஷயங்கள்

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் துணிக்கடை வைத்திருப்பவர்களுக்கு இந்தக் காலைநேரம் நன்றாகத் தெரியும். ஷட்டரைத் தூக்கியாயிற்று, கவுண்டர் பையன் வரவில்லை, போன் ஸ்விட்ச் ஆஃப். டீ கொண்டுவருபவர் சாவகாசமாகச் சொல்வார், "அவன் நேத்தோட நின்னுட்டானே, உங்ககிட்ட சொல்லலையா?"

முதல் நாளே ஓடிவிட்டார் என்று முடிவு கட்டாதீர்கள். மழைக்காலத்தில் கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் வியாசர்பாடி ஆள் வந்துசேரவே மதியமாகிவிடும். நான் ஒருமுறை அவசரப்பட்டுக் கடை வாட்ஸ்அப் குரூப்பில் ஒருவரைப் பற்றி இரண்டு வார்த்தை அதிகமாக எழுதிவிட்டேன், அவரோ ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் அம்மாவுக்குத் துணையாக இருந்திருக்கிறார். திரும்பி வந்தார், பாக்கியை வாங்கினார், அப்புறம் நிஜமாகவே நின்றுவிட்டார். அது என் தப்புதான்.

ஆனால் சாவி விஷயத்தில் அன்றைக்கே வேலையை முடியுங்கள். குடோன் பூட்டு, பில்லிங் பாஸ்வேர்டு, கல்லாவில் ஒட்டியிருக்கும் க்யூஆர் யாருடைய நம்பரில் இருக்கிறது என்பது வரை. சீனியர் கவுண்டர் பையனின் சொந்த நம்பரிலேயே பணம் விழுந்துகொண்டிருக்கும் கடைகள் இன்னும் இருக்கின்றன.

மூன்று நாள் பார்த்துவிட்டு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி, ஒரு வாரம் ஆனால் வீட்டு முகவரிக்கு ஸ்பீடு போஸ்டில் ஒரு கடிதம். மிரட்டல் வேண்டாம். "12ஆம் தேதி முதல் வேலைக்கு வரவில்லை. 25ஆம் தேதிக்குள் தகவல் இல்லையென்றால் வேலையை விட்டு நின்றதாக எடுத்துக்கொள்கிறோம். சாவியைக் கொடுத்துவிட்டுப் பாக்கிச் சம்பளத்தை வாங்கிக்கொள்ளவும்." இவ்வளவு போதும், ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

பலரும் கோட்டைவிடுவது சம்பளத்தில்தான். சொல்லாமல் போனான், ஒரு பைசா தரமாட்டேன் என்று உட்கார்ந்துவிடுகிறார்கள். வேலை செய்த நாளுக்குக் கூலி கொடுத்தே ஆக வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, ராஜினாமா செய்தவருக்கே 2 வேலை நாளுக்குள் பாக்கியைத் தர வேண்டும். வராத நாளுக்குப் பிடிக்கலாம், கொடுத்த அட்வான்ஸைக் கழிக்கலாம், கோபத்துக்கு எதையும் கழிக்க முடியாது. பி.எஃப். பிடிக்கிற கடையென்றால் விலகிய தேதியைப் போர்ட்டலில் போட்டுவிடுங்கள், இல்லையென்றால் அவர் பணத்தை எடுக்கப்போகும்போது உங்களைத்தான் தேடி வருவார்.

அட்வான்ஸ்தான் பாதிப்பேரை ஓடவைக்கிறது என்பது என் அபிப்பிராயம். இருபதாயிரம் கடன் வைத்திருப்பவர் "நான் நிக்கிறேன்" என்று சொன்னால் பணத்தை எண்ணிவைக்க வேண்டும், அதனால்தான் வாயே திறக்காமல் போகிறார். சிறு தொகையாகக் கொடுங்கள், மாதாமாதம் பிடித்துக் கையெழுத்து வாங்குங்கள். கடனை அடைக்கும்வரை வேலை செய்தே தீர வேண்டும் என்று ஆளை நிறுத்திவைத்தால் அது 1976 கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தில் போய் நிற்கும். ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டை வாங்கிப் பீரோவில் பூட்டும் பழக்கத்தையும் விடுங்கள்.

நாலு கடை தள்ளி அவரே துணி மடித்துக்கொண்டிருப்பதைப் பார்ப்பீர்கள். சண்டைக்குப் போகாதீர்கள். இரண்டு மாதம் கழித்து ஒரு டீ வாங்கிக்கொடுத்து ஏன் போனாய் என்று கேட்டால் நிஜம் வரும். எனக்குக் கிடைத்த பதில், "அங்க ஸ்டூல் இருக்குண்ணே." விற்பனையாளர் உட்கார இருக்கை வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021லேயே சட்டம் திருத்திவிட்டார்கள், நான்தான் இடமில்லை என்று தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன்.

தீபாவளி நெருக்கத்தில் அவரே திரும்பி வந்து நின்றால்? நான் சேர்த்துக்கொள்வேன். கல்லா சாவி மட்டும் பொங்கலுக்கு அப்புறம்தான்.