கர்ப்பப்பை வாயில் தழும்பு உள்ளவர்கள் பிரசவத்துக்கு ஆயத்தமாவது எப்படி?

கர்ப்பப்பை வாயில் முன்பு ஏதேனும் சிகிச்சை செய்துகொண்ட பெண் கருவுற்றால், முதல் பரிசோதனையிலேயே அதைச் சொல்லிவிட வேண்டும். வேலூர், குடியாத்தம், ஆற்காடு பக்கங்களில் பெரும்பாலும் தவறிப்போவது இதுதான். கரு கலைந்து சுத்தம் செய்ததையோ, ஆரம்ப சுகாதார நிலையப் பரிசோதனையில் வெள்ளைத் திட்டு தெரிந்து 'புண்ணைச் சுட்டதையோ' மாமியார் பக்கத்தில் நிற்கும்போது யாராலும் எளிதில் சொல்ல முடிவதில்லை. மருத்துவரிடமோ கிராம சுகாதார செவிலியரிடமோ தனியாகப் பேச வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள்.

லீப் (மின்கம்பி வளையத்தால் திசுவை வெட்டி எடுப்பது), கோன் பயாப்சி (கூம்பு வடிவில் திசுவை எடுப்பது), உறையவைக்கும் சிகிச்சை, பலமுறை செய்த டி அண்ட் சி (வாயை விரித்துக் கர்ப்பப்பையைச் சுரண்டிச் சுத்தம் செய்வது), முந்தைய பிரசவத்தில் ஏற்பட்ட கிழிசல் ஆகியவை தழும்புக்கு வழக்கமான காரணங்கள். சிகிச்சையின் பெயரைவிட முக்கியமானது, எவ்வளவு ஆழத்துக்குத் திசு எடுக்கப்பட்டது என்பதே. ஆழம் 10 மில்லிமீட்டரைத் தாண்டினால் குறைமாதப் பிரசவத்துக்கான வாய்ப்பு கூடுகிறது. ஆகவே பழைய டிஸ்சார்ஜ் சம்மரியையும் பயாப்சி அறிக்கையையும் தேடி எடுத்து வையுங்கள். ஒருமுறை மட்டும் லீப் செய்துகொண்டவர்களில் பெரும்பாலோர் நிறைமாதத்தில் நல்லபடியாகவே பெற்றெடுக்கிறார்கள் என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

தழும்பு இரண்டு எதிரெதிரான விதங்களில் தொல்லை தரும். திசு குறைந்து வாய் பலவீனமானால், வலியே இல்லாமல் காலத்துக்கு முன்பே திறந்துவிடக்கூடும். இதைக் கண்டுபிடிக்க 16 முதல் 24 வாரங்களுக்குள், பிறப்புறுப்பு வழியாக எடுக்கும் உள்வழி ஸ்கேனில் வாயின் நீளத்தை அளப்பார்கள். வயிற்றின் மேல் வைத்து எடுக்கும் ஸ்கேனில் இந்த அளவு அவ்வளவு துல்லியமாகக் கிடைக்காது. நீளம் 25 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால், இரவில் உள்ளே வைக்கும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் மாத்திரையோ, வாயைச் சுற்றித் தையலோ தேவைப்படலாம். முன்பு நடுமாதத்தில் கருவை இழந்தவர்களுக்குச் சில சமயம் 12 முதல் 14 வாரத்துக்குள்ளாகவே தையல் போட்டுவிடுவார்கள். அந்தத் தையலை 36 அல்லது 37ஆவது வாரத்தில் பிரிப்பது வழக்கம். அதற்கு முன்பே வலி கண்டாலோ, நீர் கசிந்தாலோ, இரத்தம் பட்டாலோ ஒரு மணி நேரம்கூடக் காத்திராமல் 108-ஐ அழைத்துவிட வேண்டும்.

மற்றொரு விதம் பிரசவ அறையில்தான் தெரியவரும். வலி ஒழுங்காக, பலமாக வருகிறது. கைவைத்துப் பார்க்கும்போது வாய் காகிதமாக மெலிந்திருக்கிறது. ஆனாலும் மணிக்கணக்காக ஒரு விரலுக்கு மேல் திறக்கவில்லை. சுருக்குப்பையின் கயிற்றில் முடிச்சு விழுந்ததுபோல, விளிம்பில் ஒரு கெட்டியான வளையம் விரலில் தட்டுப்படும். தழும்பு இருக்கும் செய்தி தெரியாவிட்டால், வலி போதவில்லை என்று எண்ணி வலியைத் தூண்டும் ஆக்ஸிடோசின் மருந்தின் அளவைக் கூட்டிக்கொண்டே போக நேரலாம். தெரிந்திருந்தால், பரிசோதனையின்போதே விரலால் மெல்ல அந்த வளையத்தைத் தளர்த்திப் பார்ப்பார்கள். சிலருக்கு அது விட்டுக்கொடுத்தவுடன் மீதித் திறப்பு மிக விரைவாக நடந்துவிடுகிறது. அப்படியும் திறக்காவிட்டால் சிசேரியன் செய்வதே தாய்க்கும் பிள்ளைக்கும் நல்லது. தழும்பு இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக முன்கூட்டியே சிசேரியனுக்கு நாள் குறிக்கத் தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து.

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வரும் பெண்கள் இன்னும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சென்னையிலோ பெங்களூரிலோ சிகிச்சை பெற்றவர், வளைகாப்பு முடிந்து ஊருக்கு வரும்போது வளையலும் புடவையும் வந்துசேர்கின்றன, மருத்துவக் காகிதங்கள் புகுந்த வீட்டு அலமாரியிலேயே தங்கிவிடுகின்றன. அவற்றைக் கையோடு கொண்டுவந்து, தாய் சேய் நல அட்டையில் 'கர்ப்பப்பை வாய் சிகிச்சை' என்று எழுதித் தரும்படி செவிலியரிடம் கேளுங்கள். வாய் குட்டையாக இருப்பவர்கள், குறைமாதக் குழந்தைக்குத் தீவிர சிகிச்சை தரக்கூடிய வேலூர் சி.எம்.சி., அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற ஓரிடத்தில் முன்னதாகவே பதிவு செய்துகொள்வது நல்லது. ஜவ்வாது மலை, பீஞ்சமந்தை போன்ற மலையூர்க்காரர்கள் எந்த வாரத்தில் கீழே இறங்கித் தங்க வேண்டும் என்பதையும் மருத்துவரிடம் கேட்டு முடிவுசெய்து, தங்கும் இடத்தை அப்போதே ஏற்பாடு செய்துவிடுங்கள்.