வளரும் பிள்ளைக்கு வாள்வீச்சுக் கருவிகள்: வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"வளருகிற பிள்ளைதானே, ஒரு சைஸ் கூடவே எடுத்துவிடுங்கள்" என்பது தீபாவளித் துணிக்கும் பள்ளிச் சீருடைக்கும் நம் வீடுகளில் காலங்காலமாகச் சொல்லப்படும் யோசனை. மடித்துத் தைத்த ஓரத்தை அடுத்த ஆண்டு பிரித்துவிட்டால் அதே பாவாடை இன்னொரு வருடம் ஓடும் என்பதால் அதில் தவறொன்றும் இல்லை. வாள்வீச்சு பழகத் தொடங்கிய பிள்ளைக்குக் கருவி வாங்கும்போதும் அதே யோசனையைக் கடைப்பிடிப்பதுதான் பெற்றோர் செய்யும் முதல் தவறு. நானும் அதைச் செய்தேன்.

என் மகளுக்கு எடுத்த முதல் ஜாக்கெட் அவளுடைய அளவுக்கு இரண்டு சைஸ் பெரியது. கையின் நீளத்தை உள்பக்கமாக மடித்து, அதன்மேல் கையுறையை இழுத்துவிட்டு அனுப்பிவைத்தேன். அந்த மடிப்பின் தடிமனால் கையுறையின் மேல்பகுதி ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே நழுவியிருக்கிறது. மூன்றாவது வாரம், எதிரில் நின்ற பிள்ளையின் வாள்முனை அந்த இடைவெளியில் புகுந்து, ஜாக்கெட் கைக்குள்ளேயே முழங்கைவரை ஏறிவிட்டது. முனை மழுங்கலானது என்பதால், முன்கையில் நீளமாக ஒரு சிவந்த கோட்டோடு போயிற்று. அன்றிரவு அந்தக் கோட்டில் தேங்காய் எண்ணெய் தடவியபோதுதான், ஆடையில் மிச்சம் பிடிக்கலாம், கவசத்தில் அளவை மீறக் கூடாது என்பது எனக்கு உறைத்தது.

கையுறையின் மேல்பகுதி, வாள் பிடிக்கும் கையின் முன்கையில் ஏறத்தாழப் பாதியை மூட வேண்டும் என்று சர்வதேச வாள்வீச்சுக் கூட்டமைப்பின் விதி சொல்வது இந்தக் காரணத்துக்காகத்தான். ஜாக்கெட்டின் கீழ்ப்பகுதி, தற்காப்பு நிலையில் நிற்கும்போது கால்சட்டையின்மேல் குறைந்தது 10 செ.மீ. படிந்திருக்க வேண்டும் என்பதும் விதி. ஆகவே, பிள்ளையைக் கண்ணாடி முன்னால் நேராக நிறுத்திப் பார்த்துவிட்டு ஜாக்கெட்டை வாங்குவது போதாது. பிளாஸ்ட்ரான் எனப்படும் உள்கவசத்தையும் மார்புக் கவசத்தையும் அணிவித்து, அதன்மேல் ஜாக்கெட்டைப் போட்டு, முழங்காலை மடக்கி நிற்கச் சொல்லி, பிறகு கையை முழுதாக நீட்டி முன்னே பாயச் சொல்ல வேண்டும். மணிக்கட்டு வெளியே தெரிந்தால் அது சிறியது. தோள்பட்டைத் தையல் புயத்தில் இறங்கிக் கிடந்தால் அது பெரியது. கை நீளத்தில் இரண்டு விரற்கடை கூடுதலாக இருப்பதை நான் ஏற்றுக்கொள்வேன், அதற்குமேல் வேண்டாம். வளர்ச்சிக்கு இடம்விட்டு வாங்க வேண்டுமானால் அதற்கு ஏற்றது கால்சட்டைதான்: தோள்வாரும் இடுப்புப் பட்டையும் இறுக்கிக்கொள்ள உதவும். கால் முனை முழங்காலுக்குக் கீழே இறுகப் பிடித்து, அங்கிருந்து நீண்ட காலுறை மூடினால் போதும்.

முகக்கவசத்தில் இந்தச் சலுகையும் கிடையாது. பெரிய முகக்கவசம் தலையசைப்புக்கெல்லாம் ஆடும். ஆடுகிற கவசத்துக்குள் பார்வை மறையும். அடி விழும்போது வலை மூக்கில் இடிக்கும். பின்பக்கத்து நாக்குப் பட்டையைத் தலைக்கேற்ப வளைத்து, வாரை மாட்டி, பிள்ளையைக் குனிந்து தலையை நன்றாக உதறச் சொல்லுங்கள். இடம்விட்டு நகர்ந்தால் அது அந்தப் பிள்ளைக்குரிய கவசம் அல்ல. வீட்டுச் செலவைச் சுருக்க நினைக்கும் பெற்றோர் பழைய முகக்கவசத்தை நாடுவது இயல்பு. யாரிடமிருந்து வாங்கினாலும், வலையில் குழி, துரு, கம்பி விலகல் ஆகியவற்றை வெயிலில் பிடித்துப் பார்த்து, பயிற்சியாளரிடம் கொடுத்து, அழுத்திச் சோதிக்கும் கருவியால் வலையைச் சோதித்த பிறகே பிள்ளையின் தலையில் மாட்ட வேண்டும். சென்னையைப் போன்ற கடலோர ஊர்களில் வியர்வையும் உப்புக்காற்றும் சேர்ந்து, தாடைப் பக்கத்து வலையை உள்ளிருந்தே அரித்துவிடும். வெளிப்புறத்துப் பூச்சு பளபளப்பாக இருப்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1982-இல் ரோம் நகரில் நடந்த உலக சாம்பியன் போட்டியில், எதிராளியின் வாள் உடைந்து, உடைந்த முனை முகக்கவசத்தைத் துளைத்ததால், சோவியத் வீரர் விளாதிமிர் ஸ்மிர்னோவ் உயிரிழந்தார். அவர் ஒலிம்பிக் சாம்பியன். இன்று கடைக்காரர் சொல்லும் நியூட்டன் கணக்கு, மரேஜிங் என்ற தனிவகை எஃகு, வலுவான வலை ஆகியவற்றில் பெரும்பகுதி அந்த மரணத்துக்குப் பின் கடுமையாக்கப்பட்ட விதிகளின் வழியாக வந்தவை.

நியூட்டன் எண்ணைப் பற்றியும் ஒரு குழப்பம் உண்டு. துணியைத் துளைக்க எவ்வளவு விசை தேவை என்பதை அந்த எண் குறிக்கிறது. ஜாக்கெட்டுகள் பெரும்பாலும் 350, 800 என்ற இரண்டு நிலைகளில் கிடைக்கின்றன; சர்வதேசப் போட்டிகளுக்கு 800 தேவை. எட்டு வயதுப் பிள்ளைக்கு 800 ஜாக்கெட் வாங்கிப் பதினெட்டு மாதத்தில் அது சின்னதாகிப்போவதைப் பார்ப்பதைவிட, 350 ஜாக்கெட்டுக்கு உள்ளே 800 பிளாஸ்ட்ரானை அணிவிப்பது சிக்கனமும் பாதுகாப்பும் சேர்ந்த வழி என்பது என் கருத்து. பிளாஸ்ட்ரான், வாள் பிடிக்கும் பக்கத்து அக்குளையும் மார்பையும் காப்பது. அக்குளில் தையல் இல்லாமல் வருவது. ஜாக்கெட்டின் தையல் பிரிந்தாலும் காக்க மிஞ்சுவது. இதை "உள்ளே போடுவதுதானே" என்று விட்டுவிடும் பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன். போட்டிக்குப் பதிவு செய்வதற்கு முன் அந்தப் போட்டியின் அறிவிப்பில் எந்த நிலை கேட்கப்பட்டிருக்கிறது என்று மட்டும் படித்துக்கொள்ள வேண்டும். பெண் பிள்ளைகளுக்கு மார்புக் கவசம் கட்டாயம். வாள்வீச்சின் மூன்று பிரிவுகளில் ஒன்றான ஃபாயில் ஆடுபவர்களுக்கு அதன் வெளிப்பக்கம் மென்மையான நுரைப் படலம் போர்த்தியதாக இருக்க வேண்டும் என்பதால், அக்காவின் பழைய வெறும் பிளாஸ்டிக் கவசம் தங்கைக்குச் செல்லாமல் போகலாம்.

அடுத்த தவறு, முதல் மாதத்திலேயே முழுச் செட்டையும் வாங்கிவிடுவது. ஃபாயில், எப்பே, சேபர் என்ற மூன்று பிரிவுகளில் பிள்ளை எதில் நிலைக்கும் என்பது தெரியச் சில மாதங்கள் ஆகும். லாமே என்பது, வாள் பட்டதும் விளக்கு எரியச் செய்யும் உலோக இழை மேலங்கி. உடம்பை மட்டும் மூடும் ஃபாயில் லாமே, கைகளையும் மூட வேண்டிய சேபருக்கு உதவாது; எப்பேவுக்கு லாமேயே தேவையில்லை. வாளை மின்கருவியோடு இணைக்கும் பாடி வயரிலும், எப்பேயின் மூன்று முனை வயர் மற்ற இரண்டுக்கும் பொருந்தாது. டோக்கியோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்று, வாள்வீச்சில் அந்த இடத்தை எட்டிய முதல் இந்தியரான சென்னைப் பெண் பவானி தேவி, 2004-இல் பள்ளியில் தொடங்கியபோது மூங்கில் குச்சிகளை வைத்துப் பழகியதைப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். மின்வாள் அவ்வளவு அரிய பொருளாக இருந்த காலம் அது. இன்று பல பயிற்சிக் கூடங்களில் பொதுக் கருவிகள் இருக்கின்றன. கால்வேலையும் தூரக்கணிப்பும் பழகும் முதல் பருவத்தில் மின்கருவி எதுவும் தேவைப்படாது. சொந்தமாக முதலில் வாங்க வேண்டியவை கையுறை, பிளாஸ்ட்ரான், முகக்கவசம், பிறகு ஜாக்கெட். வழுக்காத ரப்பர் அடிப்பாகம் கொண்ட பேட்மின்டன் ஷூவும் நீளமான கால்பந்துக் காலுறையும் தொடக்கத்துக்குப் போதும்.

இடக்கைப் பிள்ளைகளின் பெற்றோர் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். ஜாக்கெட்டின் ஜிப், பிளாஸ்ட்ரான், கையுறை, விரல்களுக்குப் பொருந்த வளைந்த பிஸ்டல் கைப்பிடி எல்லாமே எந்தக் கைக்கு என்பதைப் பொறுத்து மாறும்.

வாளிலும் "பெரிதாக வாங்கினால் நெடுநாள் வரும்" என்ற கணக்கு பொய்க்கும். முழு அளவான 5-ஆம் எண் பிளேடு ஃபாயிலிலும் எப்பேயிலும் 90 செ.மீ., சேபரில் 88 செ.மீ. நீளம். சிறுவர்களுக்கு 0, 2 என்ற எண்களில் குட்டையான பிளேடுகள் இருக்கின்றன. மணிக்கட்டு தாங்காத நீளத்தைக் கொடுத்தால், பிள்ளை விரல்களால் வாளைத் திருப்பாமல் தோளால் வீசப் பழகிவிடும். அந்தப் பழக்கத்தைப் பின்னால் மாற்றுவது பயிற்சியாளருக்கும் பிள்ளைக்கும் பெரும்பாடு. சாதாரண எஃகைப் போல இரண்டு மூன்று மடங்கு விலையுள்ள மரேஜிங் பிளேடு, உடைந்தாலும் மழுங்கலாகவே உடையும் என்று சொல்லி விற்கப்படுவதும் உண்டு. அது சரியல்ல, விரிசல் மெதுவாகப் பரவுவதால் அது நெடுநாள் உழைக்கிறதே தவிர, உடைந்த முனை இரண்டிலும் கூர்மையாகத்தான் இருக்கும். பத்து வயதுப் பிள்ளையின் விசைக்குச் சாதாரணப் பிளேடு போதும். ஆனால், அதில் ஒடிவுபோல ஒரு மடிப்பு விழுந்துவிட்டால், நிமிர்த்தி ஆட வைக்காமல் அன்றே ஒதுக்கிவிட வேண்டும்.

பழையதாக வாங்குவதற்கு மிகவும் ஏற்றவை கால்சட்டை, ஜாக்கெட், லாமே ஆகியவைதான். பிள்ளைகள் துணி கிழியும் முன்பே வளர்ந்துவிடுவதால், மூத்த பிள்ளைகளின் பெற்றோரிடம் நல்ல நிலையில் கிடைக்கும். ஜாக்கெட்டில் அக்குள் தையலையும் ஜிப்பையும் பாருங்கள். வெளுப்பான் போட்டுத் துவைத்த கெவ்லார் துணி வலுவிழந்திருக்கும் என்பதால், எப்படித் துவைத்தீர்கள் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். லாமே வாங்கும்போது எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் ஒரு சாதாரண மல்டிமீட்டரைக் கையோடு கொண்டுபோங்கள். லாமேயின் எந்த இரண்டு இடங்களுக்கிடையிலும் மின்தடை 5 ஓமைத் தாண்டக் கூடாது. வியர்வை அதிகம் படும் முதுகுப் பக்கத்திலும், மடித்து வைத்த கோடுகளிலும்தான் முதலில் இழை செத்துப்போகும் என்பதால், அந்த இடங்களில் அங்குலம் அங்குலமாக முனையை நகர்த்திப் பாருங்கள். பாடி வயரில் ஒவ்வொரு கம்பிக்கும் 1 ஓம்தான் வரம்பு.

வாங்கிய லாமேயைக் கெடுப்பது பெரும்பாலும் நம் வீடுதான். போட்டி முடிந்த அலுப்பில் ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் சுருட்டி வைத்த லாமேயை மறுநாள் மாலை எடுத்தபோது, கழுத்தோரம் பச்சையும் கருப்புமாகப் புள்ளிகள் பூத்திருந்ததை நான் கண்டேன். வாள் பட்டாலும் விளக்கு எரியாத அந்தப் புள்ளிகளுக்காகவே அடுத்த போட்டியில் அதை ஒதுக்க வேண்டியதாயிற்று. இப்போது வீட்டுக்கு வந்தவுடன் அகலமான ஹேங்கரில் மின்விசிறிக்கு நேரே தொங்கவிடுகிறோம். சில முறை ஆடிய பிறகு, குளிர்ந்த நீரில் மென்மையான சோப்பைக் கரைத்து, முறுக்காமல் பிழியாமல் அலசி, நிழலில் உலர்த்துகிறோம். அதற்குப் பின் வாங்கி, இரண்டு ஆண்டு உழைத்த இரண்டாவது லாமே என் மகளுக்குச் சின்னதாகிவிட்டது; மல்டிமீட்டரில் இன்னும் 3 ஓமுக்குள்தான் காட்டுகிறது, அவளுக்கு இரண்டு வயது இளைய ஒரு பையன் போன வாரம் அதைப் போட்டு அளவு பார்த்துவிட்டுப் போயிருக்கிறான்.