தாயம் சரி, மட்டு பிழை

வவுனியாவில் கடைசி வருட ஆய்வு வேலையோடு என்னிடம் வரும் பிள்ளைகள், சேர்மான வடிவமைப்பிலிருந்து (பொருள்களைச் சமநிலையாகக் குழுக்களில் அடுக்கும் முறை) வழு திருத்தும் குறிமுறை (அனுப்பும் செய்தியில் நேரும் பிழையைக் கண்டு திருத்த உதவும் சொற்களின் தொகுதி) கட்டும்போது எங்கள் காலத்துப் பிழைகளையே இன்னும் விடுகிறார்கள். கூட்டல் கழித்தல் சறுக்கல்களை விடுவோம், அவை தானாகவே பிடிபடும்.

வரிசைகளோடு நின்றுவிடுவது

ஏழு நெல்லினங்கள், ஏழு பாத்திகள், பாத்திக்கு மூன்று இனம். எந்த இரண்டு இனமும் சரியாக ஒரு பாத்தியில் சேர வேண்டும்: 124, 235, 346, 457, 561, 672, 713. புள்ளியியலாளர் யேட்ஸ் 1936இல் இவ்வகை அமைப்புகளை வயல் பரிசோதனைக்காகத்தான் முன்வைத்தார். பாத்திக்கு ஒரு வரிசை, இனத்துக்கு ஒரு நிரல், இனம் அங்கே இருந்தால் 1, இல்லாவிட்டால் 0 என்று தாயமாக (எண் அட்டவணையாக) எழுதினால் ஏழு வரிசை வரும். ஆனால் குறிச்சொற்கள், அதாவது குறிமுறையில் அடங்கும் சொற்கள், ஏழோடு முடிவதில்லை. மட்டு 2இல் (2ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்து) 124ஐயும் 235ஐயும் கூட்டினால் 1345. இப்படிக் கூட்டிக்கொண்டே போனால் மொத்தம் 16 சொற்கள், இழிவுத் தூரம் (எந்த இரண்டு சொற்களும் குறைந்தது எத்தனை இடங்களில் வேறுபடும் என்பது) 3. ஒரு வழுவைத் திருத்த 3ஆவது வேண்டும். கணிதவியலாளர் ஹமிங் 1950இல் தந்த குறிமுறைதான் இது.

எதற்கெடுத்தாலும் மட்டு 2

இதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். 13 புள்ளி, 13 கோடு, கோட்டுக்கு 4 புள்ளி உள்ள, எந்த இரண்டு புள்ளியும் ஒரே ஒரு கோட்டில் சேரும் தளத்தை (இனத்துக்குப் பதில் புள்ளி, பாத்திக்குப் பதில் கோடு) இரண்டு பிள்ளைகள் எடுத்தார்கள். கணினி மட்டு 2இல் பரிமாணம் (மற்றவற்றைக் கூட்டிப் பெற முடியாத வரிசைகளின் எண்ணிக்கை) 12 என்றது. "எவ்வளவு பெரிய குறிமுறை!" என்று அத்தியாயம் முழுவதும் தட்டச்சு செய்துவிட்டார்கள். அதன் இழிவுத் தூரம் 2. ஒரு வழுவைக்கூடத் திருத்தாது.

ஏன் என்று கையாலேயே பார்க்கலாம். ஒரு புள்ளி வழியாகப் போகும் 4 கோடுகளையும் கூட்டுங்கள். அந்தப் புள்ளியில் 4, மற்ற எல்லாவற்றிலும் 1. இன்னொரு புள்ளிக்கும் அப்படியே செய்து ஒன்றிலிருந்து மற்றதைக் கழியுங்கள். ஓரிடத்தில் 3, இன்னோரிடத்தில் −3, மீதி பூச்சியம். மட்டு 2இல் 3 என்பது 1 தானே? அதனால் இரண்டே இடத்தில் 1 உள்ள சொல் உள்ளே வந்துவிடுகிறது. மட்டு 3இல் அந்தச் சொல் முழுவதும் பூச்சியமாகிவிடும். அப்போது பரிமாணம் 7, இழிவுத் தூரம் 4, ஒரு வழு திருத்தலாம்.

ஒரு புள்ளி எத்தனை கோடுகளில் வருகிறதோ, அதிலிருந்து இரண்டு புள்ளிகள் சேர்ந்து வரும் கோடுகளின் எண்ணிக்கையைக் கழியுங்கள். வரும் எண்ணைப் பிரிக்கும் முதன்மை எண்ணையே மட்டாக எடுங்கள். கணினியைத் திறக்க முதல் இதைச் செய்யுங்கள்.

சமன்பாடு பொருந்தினால் வடிவமைப்பு உண்டு என்பது

இல்லை. 43 புள்ளி, கோட்டுக்கு 7: புள்ளி, கோடு எண்ணிக்கைக் கணக்கு பொருந்தும், தளம் கிடையாது. 111 புள்ளி, கோட்டுக்கு 11 என்பதும் அப்படித்தான். அந்தத் தளம் இருந்தால் அதன் மட்டு 2 குறிமுறையில் எந்தெந்த நிறையில் (1களின் எண்ணிக்கையில்) சொற்கள் இருக்க வேண்டும் என்று முதலில் கணக்கிட்டார்கள். அப்புறம் கணிதவியலாளர் லாம் குழுவினர் கணினியில் தேடி, அப்படி ஒன்று இல்லை என்று 1989இல் முடித்தார்கள்.

இழிவுத் தூரத்தை ஊகிப்பது

வேண்டாம், கணக்கிடுங்கள்.