முன்முடிவுகளைப் பிடிக்க ஒரு நோட்டு

பாரபட்சத்தைப் பற்றி எழுத உட்காரும் பலரும் "என் மனசுல அப்படி ஏதாவது இருக்கா?" என்று தேடத் தொடங்குவார்கள். பெரும்பாலும் எதுவும் கிடைக்காது. மற்றவர்களின் சாய்வு பளிச்சென்று தெரியும், நம்முடையது தெரியாது. 2002இல் உளவியலாளர் எமிலி ப்ரோனினும் சகாக்களும் இதைத்தான் ஆய்வில் காட்டினார்கள். ஆகவே மனதைக் கிளறாமல், நடந்துகொண்ட விதத்தைக் குறித்து வையுங்கள்.

கோடு போட்ட நோட்டு ஒன்று போதும். இடப்பக்கத்தில் சம்பவத்தை அன்றைக்கே ஐந்தாறு வரிகளில் எழுதுங்கள்: யார் இருந்தார்கள், என்ன சொன்னார்கள், நீங்கள் என்ன செய்தீர்கள். "திமிர்", "பண்பு" போன்ற சொற்கள் இங்கே வேண்டாம். "புதிதாகச் சேர்ந்தவர் பேச்சு சுவாரசியமாக இல்லை" என்பது தீர்ப்பு. "அவர் பேச ஆரம்பித்ததும் போனை எடுத்தேன்" என்பதுதான் பதிவு.

வலப்பக்கத்தை இரண்டு நாள் காலியாக விடுங்கள். சூட்டோடு எழுதினால் நம் பக்கத்து நியாயம்தான் வரும். பிறகு அந்த நபரிடம் ஒரே ஓர் அம்சத்தை மட்டும் மாற்றி, அதே சம்பவத்தைத் திரும்ப எழுதுங்கள்: வயது, பாலினம், உச்சரிப்பு, உடை, இப்படி ஏதாவது ஒன்று. அதே பேச்சை மூத்தவர் பேசியிருந்தால் கை போனுக்குப் போயிருக்குமா? இரண்டு அம்சங்களைச் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று பிரிக்க முடியாது. கடைசி வரியில் அடுத்த முறைக்கான ஒரு செயல்: "அவர் முடிக்கும்வரை போன் பையில் இருக்கும்." "இனி எல்லோரையும் மதிப்பேன்" என்று எழுதினால் அதைச் சரிபார்க்க வழியில்லை.

"நான் மோசமான ஆள்" என்று பக்கம் பக்கமாக எழுதுவதும் ஒரு தப்பித்தல்தான். படிக்க நேர்மையாகத் தெரியும், ஆனால் அதில் விவரம் எதுவும் இருக்காது.

பாகுபாட்டுக்கு ஆளானது நீங்கள் என்றால் இந்த முறை பொருந்தாது. எதிராளிக்கு நியாயம் தேடும் வேலை உங்களுடையதல்ல. சொல்லப்பட்டது, உடம்பு உணர்ந்தது, சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டது, இவற்றை எழுதுங்கள். உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கரின் 1986 ஆய்வில் மாணவர்கள் நாளுக்கு 15 நிமிடம், தொடர்ந்து நான்கு நாள் எழுதினார்கள். மனக்காயத்தை உணர்வோடு எழுதியவர்களுக்கு எழுதி முடித்ததும் மனம் கனத்தது. உடல்நலத்தில் பலன் பின்னர்தான் தெரிந்தது. அந்தக் கனம் எதிர்பார்க்க வேண்டியதே. ஆனால் மூன்றாம் தடவையும் புதிதாக ஒரு சொல்கூடச் சேராமல் அதே வரிகள் வந்தால், அது அசைபோடுதல். நோட்டை மூடிவிட்டு நம்பிக்கையானவரிடமோ மனநல ஆலோசகரிடமோ பேசுங்கள். புகார் கொடுக்கும் எண்ணம் இருந்தால் தேதி, நேரம், சொன்ன வார்த்தைகள், சாட்சிகளைத் தனித் தாளில் வையுங்கள். உணர்வுகளை அதில் கலக்க வேண்டாம்.

பத்துப் பதிவுகள் சேர்ந்ததும் பென்சிலோடு படியுங்கள். யாரைப் பெயர் சொல்லி எழுதியிருக்கிறீர்கள், யார் வெறும் "அந்த ஆள்"? யாருக்கு "அவர்", யாருக்கு "அவன்"? பக்க ஓரத்தில் எண்ணிக் குறியுங்கள். நோட்டு பிறர் கையில் சிக்கலாம் என்பதால், பெயருக்குப் பதில் ஆளுக்கொரு எழுத்தை முதல் நாளே வைத்துக்கொள்வது நல்லது.