கூலன்ட் குறைகிறதா, இன்ஜின் சூடேறுகிறதா: எதை முதலில் பார்ப்பது?

வண்டி சூடேறினால் முதலில் தெர்மோஸ்டாட்டை (சூடானதும் திறந்து கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) மாற்றுவது, அடங்கவில்லை என்றால் வாட்டர் பம்ப், கடைசியில் ரேடியேட்டர் என்று போவது பலருக்கும் பழக்கம். மூன்றையும் மாற்றிய பிறகும், ரப்பர் காய்ந்துபோன பழைய ரேடியேட்டர் மூடியால் வெப்பம் காட்டும் முள் மறுபடி ஏறும். ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் இரண்டு விஷயம் தெரிந்தாக வேண்டும். இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் குறைகிறதா? எந்த நேரத்தில் சூடேறுகிறது? கசிந்து குறைந்ததால் சூடேறியதா, சூடேறிப் பொங்கி வெளியேறியதால் குறைந்ததா என்பது பெரும்பாலும் இந்த இரண்டிலேயே பிரிந்துவிடும்.

ஓடும்போது முள் சிவப்பை நெருங்கினால் ஏசியை நிறுத்துங்கள், ஹீட்டரை முழுச் சூட்டிலும் முழுக் காற்றிலும் வையுங்கள். ஹீட்டருக்குள் கூலன்ட் ஓடும் ஹீட்டர் கோரும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான். பிறகு ஓரம் கட்டி இன்ஜினை அணைத்துவிடுங்கள். மூடியில் மட்டும் கை வைக்க வேண்டாம். பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த கூலன்ட் 1 பார் அழுத்தத்தில் 125 டிகிரி செல்சியஸ் தாண்டியும் கொதிக்காது. மூடியைத் திருகிய கணமே அழுத்தம் போய், கொதிநிலை 107 டிகிரி அளவுக்கு இறங்கும். உள்ளே இருப்பது ஆவியும் வெந்நீருமாக முகத்தில் அடிக்கும். ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தயங்காமல் கையால் அழுத்திப் பிடிக்க முடிகிறதா, அப்போதுதான் திறக்கலாம். கொதிக்கும் இன்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றுவதும் வேண்டாம். சிலிண்டர் ஹெட்டில் விரிசல் விழலாம்.

எப்போது சூடேறுகிறது?

நெரிசலில் நிற்கும்போது ஏறி, வேகமெடுத்ததும் இறங்கினால் காற்றோட்டக் குறை. ஃபேனைப் பாருங்கள். ஏசியைப் போட்டதும் பெரும்பாலான வண்டிகளில் ஃபேன் சுழல வேண்டும். ஏசிக்குச் சுழன்று, சூட்டுக்கு மட்டும் சுழலவில்லை என்றால் மோட்டார் நன்றாக இருக்கிறது. டெம்பரேச்சர் சென்சார், அதன் வயர், ரிலே பக்கம் தேடலாம். இரண்டுக்கும் சுழலாவிட்டால் முதலில் ஃபியூஸ், அடுத்து ரிலே, பிறகு மோட்டாருக்கு நேரடியாக 12 வோல்ட் கொடுத்துச் சோதனை. ஃபேன் பிளேடுகளுக்குள் கை போக வேண்டாம். இன்ஜின் அணைந்திருந்தாலும் அது திடீரென்று ஓடும்.

நின்றால் சரியாக இருந்து, நெடுஞ்சாலையிலோ மேட்டிலோ ஏறினால் கூலன்ட் ஓட்டம் போதவில்லை. உள்ளே அடைத்த ரேடியேட்டர், பாதி மட்டும் திறக்கும் தெர்மோஸ்டாட், இறக்கை தேய்ந்த வாட்டர் பம்ப் என்று காரணங்கள் உண்டு. பலரும் கவனிக்காத ஒன்று கீழ் ஹோஸ். பம்ப் அதை உறிஞ்சுகிறது; ரப்பர் தளர்ந்திருந்தாலோ உள்ளிருக்கும் ஸ்பிரிங் துருப்பிடித்துப் போயிருந்தாலோ, ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது ஹோஸ் நசுங்கி ஓட்டத்தையே அடைக்கும். ஐடிலில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. 3000 ஆர்பிஎம் வரை ஏற்றிப் பார்க்க வேண்டும். ரேடியேட்டரின் முகத்தில் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை ஓட்டினால் சூடு படிப்படியாக மாற வேண்டும். நடுவில் சட்டென்று குளிர்ந்த திட்டு இருந்தால் அங்கே குழாய்கள் அடைத்திருக்கின்றன. ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் சேரும் தூசியும் இதே வேலையைச் செய்யும், அதை வெளியிலிருந்து பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது.

கிளப்பிய ஐந்தே நிமிடத்தில் சிவப்பு என்றால் திறக்காமலே கிடக்கும் தெர்மோஸ்டாட், உள்ளே ஏர் லாக் (சிக்கிக்கொண்ட காற்று), அல்லது பழுதான ஹெட் கேஸ்கட் (சிலிண்டர் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவிலுள்ள அடைப்புத் தகடு). இன்ஜின் கொதிக்கும்போது ரேடியேட்டருக்குப் போகும் ஹோஸ் குளிர்ந்தே இருந்தால் தெர்மோஸ்டாட் மீது சந்தேகம் வரட்டும். கழற்றியதை நூலில் கட்டி, தெர்மாமீட்டருடன் தண்ணீரில் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். அதன் மேல் பொறித்திருக்கும் எண், பெரும்பாலும் 82 முதல் 92 வரை, அந்த டிகிரியில் திறக்கத் தொடங்க வேண்டும். இன்னும் 12 முதல் 15 டிகிரி ஏறுவதற்குள் முழுதாகத் திறக்கும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டுவது தீர்வல்ல. இன்ஜின் தேவையான சூட்டுக்கே வராமல் எரிபொருளைக் குடிக்கும்.

முள் சாதாரணத்துக்கும் கீழே இறங்கி, ஹீட்டரும் குளிர்ந்த காற்றை ஊதுகிறது என்றால் நிம்மதி அடைய வேண்டாம். கூலன்ட் அந்த அளவு குறைந்து, சென்சார் வெறும் காற்றில் நின்றுகொண்டிருக்கலாம். இன்ஜின் வெந்துகொண்டிருக்கும், முள் பொய் சொல்லும்.

கசிவைத் தேடுவது

தரையில் ஈரம் கண்டதும் பதற வேண்டாம். ஏசி ஓடிய வண்டியிலிருந்து நிறமும் வழுவழுப்பும் மணமும் இல்லாத தண்ணீர் சொட்டுவது இயல்பு. கூலன்ட் என்றால் நிறம் இருக்கும், விரலில் வழுக்கும், இனிப்பு வாடை அடிக்கும். நாக்கில் வைத்துப் பார்க்காதீர்கள். எத்திலீன் கிளைகால் நஞ்சு. இனிப்பாக இருப்பதால் குழந்தைகளும் நாய் பூனைகளும் அதை நாடும், சிந்தியதை உடனே கழுவிவிட வேண்டும்.

சிறு கசிவு தரைக்கே வராது. சூடான உலோகத்தில் பட்டு ஆவியாகி, வெள்ளையாகவோ கூலன்ட் நிறத்திலோ பொருக்குத் தடத்தை விட்டுப்போகும். டார்ச்சோடு இந்தத் தடத்தைத் தேடுங்கள். ஹோஸ் முனைகளில் கிளிப்புக்கு அடியில், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் டேங்கும் அலுமினியமும் சேரும் மடிப்பில், தெர்மோஸ்டாட் உறையின் இணைப்பில், எக்ஸ்பான்ஷன் டேங்கின் அடித் தையலில். வாட்டர் பம்பின் அடியில் சின்ன வடிகால் துளை ஒன்று இருக்கும். அதில் பொருக்கு இருந்தால் உள் சீல் போய்விட்டது. துளையை அடைத்தால் கூலன்ட் பேரிங்குக்குள் போகும், பம்பைத்தான் மாற்ற வேண்டும். முன் இருக்கையின் கால்மிதி ஈரமாகி, கண்ணாடியில் எண்ணெய்ப் படலம் போலப் பனி படிந்தால் ஹீட்டர் கோர்.

கண்ணுக்குப் படாவிட்டால் பிரஷர் டெஸ்டர், அதாவது கையால் காற்றடித்து அழுத்தம் ஏற்றும் கருவி. இன்ஜின் ஆறியிருக்க வேண்டும், கூலன்ட் அளவு நிறைந்திருக்க வேண்டும். மூடி இருக்கும் இடத்தில் டெஸ்டரை மாட்டி, மூடியில் எழுதியிருக்கும் அழுத்தம் வரை மட்டும் ஏற்றுங்கள். 0.9 என்றால் 0.9 பார், 1.1 என்றால் 1.1 பார். அதற்கு மேல் போனால் நல்ல ரேடியேட்டரையும் நாமே உடைப்போம். 15 நிமிடம் டெஸ்டரின் முள் அசையாமல் நின்றால் சரி. இறங்கினால் ஒவ்வொரு இணைப்பையும் கையால் தடவி வாருங்கள். பிறகு அதே டெஸ்டரில் அடாப்டர் போட்டு மூடியையும் சோதியுங்கள். தன் அழுத்தத்தைத் தாங்காத மூடி கொதிநிலையைக் கீழே இறக்கிவிடுகிறது, கசிவே இல்லாமல் கூலன்ட் பொங்கிப் போகும். ஆறிய வண்டியில் மேல் ஹோஸ் சப்பிக் கிடந்தால் மூடியின் வெற்றிட வால்வு திறக்கவில்லை என்று அர்த்தம்.

ஒரு நுணுக்கம்: சில கசிவுகள் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது மட்டுமே வரும். உலோகமும் ரப்பரும் சுருங்கும்போது கிளிப் தளர்ந்து, சூடானதும் தானே அடைபடும். அதனால் பகலில் ஒன்றும் கிடைக்காவிட்டால், இரவு முழுக்க ஆறிய வண்டியில் காலையில் ஒருமுறை டெஸ்டர் போட்டுப் பாருங்கள்.

வெளியே ஒரு துளியும் இல்லை, ஆனால் குறைகிறது

இப்போதுதான் ஹெட் கேஸ்கட்டைப் பற்றி யோசிக்க வேண்டும். ஆறிய இன்ஜினைக் கிளப்பிய ஓரிரு நிமிடத்தில், இன்னும் சூடாகாமலே மேல் ஹோஸ் கல்லாக இறுகினால் எரியறை வாயு கூலன்ட்டுக்குள் நுழைகிறது. உறுதி செய்ய நீலத் திரவம் கொண்ட பிளாக் டெஸ்டர் இருக்கிறது. கூலன்ட் மட்டத்தை 5 சென்டிமீட்டர் போல இறக்கிவிட்டு, ஓடும் இன்ஜினில் அதன் மேலுள்ள காற்றை அந்தத் திரவத்தின் வழியே இழுக்க வேண்டும். பெட்ரோல் வண்டியில் நீலம் மஞ்சளானால் கேஸ்கட் போய்விட்டது, அல்லது ஹெட்டில் விரிசல். மட்டத்தை இறக்காமல் செய்தால் கூலன்ட்டே உள்ளே ஏறித் திரவத்தைக் கெடுத்துவிடும்.

ஆயில் மூடியின் உள்பக்கம் வெண்மையான குழைவு இருப்பதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். குறுகிய தூரமே ஓடும் வண்டியில் வெறும் ஈரப்பதமே அப்படிப் படியும். டிப்ஸ்டிக்கிலும் ஆயில் பாலாக இருந்தால்தான் கவலை, அப்போது இன்ஜினைக் கிளப்பவே வேண்டாம். எந்த சிலிண்டர் என்று தெரிய, இரவு முழுக்க டெஸ்டரில் அழுத்தம் வைத்திருந்து, காலையில் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டரைச் சுழற்றுங்கள்; கசியும் துளையிலிருந்து கூலன்ட் சிதறும், கண்ணைக் காத்துக்கொள்ளுங்கள். டீசல் வண்டியில் ஹெட்டைத் தூக்குவதற்கு முன் இஜிஆர் கூலரை (இன்ஜினுக்குத் திரும்பும் புகையைக் கூலன்ட்டால் ஆற்றும் பாகம்) பாருங்கள், அதுவும் சத்தமில்லாமல் கூலன்ட்டைப் புகைக்குழாய்க்கு அனுப்பும்.

கசிவை அடைக்கும் பவுடரோ திரவமோ ஊற்றுவது வழியில் சிக்கியவருக்கான கடைசி வழி. ஓட்டையை அடைக்கும் பொருள் ஹீட்டர் கோரின் மெல்லிய குழாய்களையும் அடைக்கும்.

மறுபடி நிரப்பும்போது

தண்ணீர் கலக்காத அடர்கூலன்ட் என்றால் காய்ச்சி வடித்த தண்ணீருடன் பாதிக்குப் பாதி. தண்ணீர் விட்டு அலசிய இன்ஜினில் ஓரிரு லிட்டர் பிளாக்குக்குள்ளேயே தங்கிவிடும். கலந்ததை ஊற்றினால் அது நீர்த்துப்போகும். மொத்தக் கொள்ளளவு 6 லிட்டர் என்றால் முதலில் 3 லிட்டர் அடர்கூலன்ட் ஊற்றி, மீதியைத் தண்ணீரால் நிரப்புங்கள். நிறத்தைப் பார்த்து வாங்க வேண்டாம். ஒரே நிறத்தில் வேறு வேறு வகைகள் விற்கின்றன, கையேட்டில் எழுதியிருக்கும் தரக்குறியைப் பாருங்கள்.

காற்றை வெளியேற்ற, வண்டியின் முன்பக்கம் மேடாக நிற்கட்டும், ஹீட்டர் முழுச் சூட்டில் இருக்கட்டும். பிளீடர் ஸ்குரூ (காற்றை வெளியே விடும் திருகு) இருந்தால் குமிழியில்லாத ஒழுக்கு வரும்வரை திறந்துவையுங்கள். மெதுவாக ஊற்றி, ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும்வரை ஐடிலில் விட்டு, ஹீட்டரில் வெந்காற்று வருகிறதா என்று பாருங்கள். ஆறியதும் மட்டத்தைச் சரிசெய்து எக்ஸ்பான்ஷன் டேங்கில் அந்த மட்டத்துக்கு நேராக ஒரு டேப் ஒட்டிவையுங்கள். முதல் இரண்டு நாளில் மட்டம் கொஞ்சம் இறங்கும், அது தங்கியிருந்த காற்று வெளியேறுவது. மூன்றாவது காலையிலும் ஆறிய நிலையில் டேப்புக்குக் கீழே போயிருந்தால் டெஸ்டரை மறுபடி எடுங்கள்.